நீர்மானியும் ஈரமானியும்: பெயர் ஒப்பினால் விளையும் மயக்கம்

கமத்தொழிலுக்கு அளவு புதியதன்று. விதைநெல்லை மரைக்காலாலும் புசலாலும், நிலத்தைப் பரப்பாலும் ஏக்கராலும் அளந்து பழகியவர்கள் நம் கமக்காரர்கள். இவ்வளவுகளில் எவரும் மயங்குவதில்லை. மரைக்காலைக் கொண்டு நிலத்தை அளக்க ஒருவரும் முயலார். ஆனால், அண்மைக் காலத்தில் கமத்துக்கு வந்து சேர்ந்த கருவிகளின் நிலை வேறு. கண்ணாற் காண இயலாத பொருள்களை அவை அளக்கின்றன. அவற்றின் பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அதனால், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வாங்குவதும், ஒன்று காட்டும் எண்ணை மற்றொன்றின் எண்ணாகக் கொள்வதும் எளிதில் நேரக்கூடியவை.

அத்தகைய கருவிகளுள் இரண்டு, நீர்மானியும் ஈரமானியும் ஆகும். ஆங்கிலப் பெயரால் முன்னையது ஐதரோமீற்றர், பின்னையது ஐகுரோமீற்றர். கேட்கும் செவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தமிழிலோ நீரும் ஈரமும் உறவுச் சொற்கள். எனினும் இவ்விரு கருவிகளும் செய்யும் வேலைகள் முற்றிலும் வேறானவை. மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையோரத்திலும் நெல்லும் மரக்கறியும் செய்வோர் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் மிகவும் அவசியம் என்பது எமது கருத்து. ஏனெனில், இங்கே உப்பும் ஈரமும் வெறும் பாடநூற் சொற்கள் அல்ல. ஒரு போகத்தின் வரவையும் இழப்பையும் தீர்மானிப்பவை அவையே.

நீர்மானி எதை அளக்கிறது?

நீர்மானி நீரின் அளவை அளப்பதன்று. ஒரு திரவத்தின் அடர்த்தியை அளப்பது. அடியில் ஈயக் குண்டுகள் இட்ட ஒரு கண்ணாடிக் குழாயும், அதன்மேல் கோடுகள் இட்ட மெல்லிய தண்டுமே இக்கருவி. அடர்த்தி கூடிய திரவத்தில் இது உயர்ந்து மிதக்கும். அடர்த்தி குறைந்த திரவத்தில் தாழ்ந்து மிதக்கும். தண்டில் திரவத்தின் மட்டம் தொடும் கோட்டைப் படித்தால் அடர்த்தி தெரியும். கடலில் நீந்துபவர் குளத்தில் நீந்துவதைக் காட்டிலும் எளிதாக மிதப்பது எக்காரணத்தாலோ, அக்காரணத்தாலேயே இக்கருவியும் தொழிற்படுகிறது.

மன்னாரில் இக்கருவிக்கு மிகவும் உரிய இடம் உப்பளம். 1768ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான அந்துவான் போமே வகுத்த பாகைகளே உப்பளத் தொழிலில் இன்றும் வழங்குகின்றன. கடல்நீர் ஏறக்குறைய 3 முதல் 3½ போமே பாகை காட்டும். பாத்திகளில் வெயில் பட்டு நீர் வற்ற வற்றப் பாகை ஏறும். ஏறக்குறைய 25 பாகையை அடையும்போது கறியுப்புப் படியத் தொடங்கும். இவ்வேலைக்கு நீர்மானியைப் போல உதவும் எளிய கருவி வேறில்லை.

கமக்காரருக்கும் இக்கருவி சில இடங்களிற் பயன்படும். உழவு இயந்திரத்தின் மின்கலத்தில் உள்ள அமிலத்தைச் சோதிப்பது இதனால்தான். நன்கு மின்னேறிய மின்கலத்தில் எண் 1.25க்கும் 1.28க்கும் இடையில் நிற்கும். பாலிற் கலந்த நீரைக் கண்டறியும் பால்மானியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மண்ணில் மணலும் வண்டலும் களியும் எவ்வளவு உள்ளன என்று ஆய்வுகூடத்திற் காண்பதற்கும் நீர்மானி பயன்படுகிறது. முருங்கன் பகுதியின் வெடிக்கும் களிமண்ணையும் தீவின் மணலையும் பிரித்துரைக்க இம்முறை உதவும்.

கருவி வாங்காமலே நீர்மானியின் வேலையைச் செய்யும் வழியும் ஒன்று உண்டு. விதைநெல்லைத் தெரிந்தெடுப்பதற்கு 10 லீற்றர் நீரில் 1½ கிலோகிராம் அளவு உப்பைக் கரைத்து, அதிற் புதிய கோழி முட்டை ஒன்றை இடுவது வழக்கம். முட்டை மேலே மிதந்து, சிறு நாணயம் ஒன்றின் அளவுக்கு அதன் ஓடு வெளியே தெரிந்தால் கரைசல் பதமாகிவிட்டது. இக்கரைசலில் விதையை இட்டால் திரட்சியான மணிகள் அமிழும். பதரும் அரைவயிறான மணிகளும் மிதக்கும். மிதப்பவற்றை அகற்றியபின், அமிழ்ந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை உடனே கழுவுதல் வேண்டும். கழுவாவிடின் உப்பு முளையைக் கெடுக்கும். இங்கே அந்த முட்டையே நீர்மானி.

ஈரமானி எதை அளக்கிறது?

ஈரமானி திரவத்தில் இடும் கருவியன்று. காற்றில் உள்ள நீராவியின் அளவை அது காட்டுகிறது. குறித்த ஒரு வெப்பநிலையிற் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அவ்வளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு இப்போது உள்ளது என்பதே அதன் எண். இதனைச் சாரீரப்பதன் என்பர். 1783இல் சுவிற்சர்லாந்து நாட்டவரான டி சொசூர் மனித மயிரைக் கொண்டு ஓர் ஈரமானியை அமைத்தார். ஈரம் கூடினால் மயிர் நீளும் என்பதே அதன் அடிப்படை. வானிலை நிலையங்களில் நெடுங்காலம் வழங்கி வருவது இரு வெப்பமானிகள் கொண்ட வகை. அவற்றுள் ஒன்றின் குமிழ் ஈரத்துணியாற் சுற்றப்பட்டிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் ஈரக் குமிழ் நன்கு குளிரும்; காற்று ஈரமாயிருந்தால் சிறிதே குளிரும். உலர்ந்த குமிழ் 30 பாகையும் ஈரக் குமிழ் 26 பாகையும் காட்டினால் சாரீரப்பதன் ஏறக்குறைய 73 வீதம். உலர்ந்த குமிழ் 32ஆகவும் ஈரக் குமிழ் 24ஆகவும் இருந்தால் ஏறக்குறைய 50 வீதம்.

கமக்காரருக்கு இந்த எண் எதற்காக? நெல்லைக் களஞ்சியத்திற் காப்பதற்காகவே. நெல்மணி தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் சமநிலைக்கு வரும் இயல்புடையது. நம் நாட்டு வெப்பநிலையிற் காற்றின் சாரீரப்பதன் 75 வீதமாக நெடுநாள் நின்றால், மணியின் ஈரம் ஏறக்குறைய 14 வீதத்தில் வந்து நிற்கும். காற்றின் ஈரம் அதற்கு மேலே நிலைத்தால் மணியும் ஈரத்தை உறிஞ்சும். பூஞ்சணமும் வண்டும் பெருகும். மாசி, பங்குனியில் வெட்டிய பெரும்போக நெல்லைப் பகலில் நன்கு காயவிட்டு, இரவில் மூடாது விட்டால், கடற்காற்றின் ஈரத்தை அது மீண்டும் வாங்கிக்கொள்ளும். காய்ந்த மணி மறுபடி ஈரமானால் உள்ளே வெடிப்பு உண்டாகும். குற்றும்போது குறுணல் மிகும். ஆகவே மாலையில் நெல்லைக் குவித்து மூடுதல் கடற்கரையோரத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய வேலை.

இவ்விடத்தில் இன்னொரு மயக்கமும் எழுகிறது. நெல் வாங்குமிடத்தில் மணியின் ஈரத்தைப் பார்க்கும் கருவியையும் பலர் ஈரமானி என்றே அழைக்கின்றனர். அது காற்றின் ஈரத்தை அளப்பதன்று. மணியின் நிறையில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீர் என்பதைக் காட்டுவது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 வீதமும், விதைநெல்லுக்கு வேண்டிய 13 வீதமும் இக்கருவியின் எண்களே. காற்றீரமானி 75 காட்டுவதைக் கண்டு நெல்லில் முக்காற்பங்கு நீர் என்று அஞ்சுதலும் தவறு. காற்றீரமானி 14க்கு இறங்கட்டும் என்று காத்திருத்தலும் தவறு. அத்தகைய வறண்ட காற்று பாலைவனத்துக்கு உரியது. மன்னார்க் கரைக்கு உரியதன்று.

இதற்கும் வீட்டில் ஒரு வழி உண்டு. கறியுப்புத் தூய்மையாயின் சாரீரப்பதன் 75 வீதத்தைக் கடக்கும்போதே கசியத் தொடங்கும். நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் நன்கு காய்ந்த தூளுப்பு ஒரு பங்கும் நெல் மூன்று பங்கும் இட்டு மூடி, சில நிமிடங்கள் குலுக்கிக் கால் மணிநேரம் வைத்துப் பார்க்கலாம். உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால், மணியின் ஈரம் 15 வீதத்துக்கு மேல் உள்ளது; இன்னும் காயவைத்தல் வேண்டும். உப்பு ஒட்டாது உதிர்ந்தால் 15 வீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. இங்கே உப்புப் போத்தலே ஈரமானி. முட்டையும் போத்தலும் எவ்வளவு வேறானவையோ, நீர்மானியும் ஈரமானியும் அவ்வளவு வேறானவை என்று மனத்திற் பதித்துக்கொண்டால் மயக்கம் ஒழியும்.

கிணற்று நீருக்கு எந்தக் கருவி?

இப்போது இக்கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருகிறோம். தீவிலும் கரையோர மணற்பரப்பிலும் மரக்கறி செய்வோரின் பெருங்கவலை கிணற்று நீரின் உப்பு. உப்பளத்தில் உப்பை அளக்கும் நீர்மானி கிணற்று நீரின் உப்பையும் காட்டிவிடும் என்று எண்ணுவது இயல்பு. பெயரும் ‘நீர்மானி’ என்றிருப்பதால் அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. ஆயின் அது பெருந்தவறு.

காரணத்தை எண்களாற் காண்போம். போமே அளவில் ஒரு பாகை என்பது லீற்றருக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்பு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1985இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பாசன நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய அரைக் கிராமுக்குக் கீழே கரைந்த உப்பு இருந்தால் தடையில்லை. 2 கிராமைக் கடந்தால் கடுந்தடை. அதாவது, நீர்மானி ஒரு பாகை ஏறுமுன்னரே நீர் பயிருக்கு ஆகாத நிலையை ஐந்து மடங்கு கடந்துவிடும். பயிர் மடிந்து கொண்டிருக்கும்போதும் கருவி ‘நன்னீர்’ என்றே சொல்லும்.

வெப்பமும் இதிற் சேர்ந்து ஏமாற்றுகிறது. நன்னீரே 20 பாகை வெப்பத்தில் 0.9982 அடர்த்தியும், 30 பாகையில் 0.9957 அடர்த்தியும் உடையது. லீற்றருக்கு 2 கிராம் உப்பு அடர்த்தியை ஏறக்குறைய 0.0014 அளவே உயர்த்தும். ஆகவே, நண்பகலில் 30 பாகை வெப்பத்தில் அளந்த உப்புநீர், 20 பாகையில் அளந்த நன்னீரைக் காட்டிலும் அடர்த்தி குறைந்ததாகவே தோன்றும். இந்நிலையில் நாக்கே நீர்மானியிலும் நல்ல கருவி. ஆனால் நாக்கும் பழக்கத்துக்கு அடிமை. ஆண்டாண்டாக ஒரே கிணற்றில் நீர் அருந்துபவருக்கு, வெளியூரார் முகஞ்சுளிக்கும் நீரும் இனிப்பாகவே இருக்கும். வெண்காயத்துக்கும் போஞ்சிக்கும் அப்பழக்கம் கிடையாது.

கிணற்று நீருக்கு உரிய கருவி மூன்றாவது ஒன்று. அது மின்கடத்துதிறன்மானி. உப்புக் கரைந்த நீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும். அக்கடத்தலை அளந்து உப்பின் அளவை அறிவிப்பது இக்கருவி. இக்காலத்திற் சட்டைப் பையில் அடங்கும் அளவிலும் இது கிடைக்கிறது. இதன் அலகு மீற்றருக்கு டெசிசீமென்சு. ஒரு டெசிசீமென்சு என்பது லீற்றருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் கரைந்த உப்பு. கடைகளில் ‘உப்புமானி’ என்று மட்டும் கேட்டல் கூடாது. உப்பளத்துக்குரிய மிதப்புக் கருவிக்கும் அப்பெயர் உண்டு.

விளைச்சல் குறையாதிருப்பதற்குப் பாசன நீர் தாண்டக்கூடாத எல்லைகளை அதே நிறுவனத்தின் வழிகாட்டல் பின்வருமாறு தருகிறது: போஞ்சிக்கு 0.7, வெண்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2.0, பீற்றூட்டுக்கு 2.7. நீரின் எண் 2.9 ஆனால் வெண்காயத்தின் விளைச்சல் பாதியாகும், 3.4 ஆனால் மிளகாயின் விளைச்சல் பாதியாகும். மண்ணும் மழையும் பாசன முறையும் இவ்வெல்லைகளைச் சிறிது கூட்டியும் குறைத்தும் விடும். எனினும், எந்தக் கிணற்றின் கீழ் எந்தப் பயிரை நடலாம் என்று நடுவதற்கு முன்னரே தீர்மானிக்க இவை போதும். 2.0 காட்டும் கிணற்றின் கீழ் வெண்காயம் நட்டுக் கடன்படுவதிலும், பீற்றூட் நடுவது அறிவுடைமை.

இவ்வெண் ஆண்டு முழுவதும் ஒன்றாக நில்லாது என்பதையும் மறத்தலாகாது. தீவின் மணலுக்குள் மழைநீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. மேலே ஓர் அடியை இழந்தால், காலப்போக்கிற் கீழேயும் 40 அடியை இழக்க நேரிடும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு இடைவெளி கிடைத்தது. இயந்திரத்தால் இடைவிடாது இறைத்தால் உப்புநீர் கிணற்றின் அடியிலிருந்து மேலெழும். மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்வதால், தை மாதத்தில் நல்லெண் காட்டிய கிணறு ஆவணியில் தீயெண் காட்டலாம்.

நெல் வயல்களிலும் இக்கருவிக்கு வேலை உண்டு. அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் கால்வாய் வழியாகக் கட்டுக்கரைக்குளத்துக்குக் கொணரும் நீர் நன்னீரே. ஆயினும், கடலையடுத்த தாழ்ந்த வயல்களில் வறண்ட காலத்தில் நிலத்தில் ஏறிய உப்பு, முதல் நீர் பாய்ந்ததும் கரைந்து வயலில் நிற்கும். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இளநாற்றாக நிற்கும்போதும் பூக்கும்போதும் தாங்காது. ஆகவே முதல் நீரை வடித்து, வயலில் நிற்கும் நீரை அளந்த பின்னரே விதைத்தல் நன்று. எண் இறங்காத வயல்களுக்கு ஏ.ரீ. 354 போன்ற உப்பைத் தாங்கும் இனங்களைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

பெயரிடுதல் பற்றி எமது கருத்து

இம்மயக்கத்துக்குக் கமக்காரரைக் குறைகூறுதல் நீதியன்று. கிரேக்க மொழியில் ‘நீர்’ என்னும் சொல்லிலிருந்து ஒரு பெயரும், ‘ஈரமான’ என்னும் சொல்லிலிருந்து மற்றொரு பெயரும் பிறந்தன. நாம் அவற்றைச் சொல்லுக்குச் சொல்லாகத் தமிழாக்கினோம். கருவி செய்யும் வேலையைப் பெயரிற் காட்டத் தவறினோம். வீட்டுக் குழாயில் ஓடும் நீரைக் கணக்கிடும் கருவியையும் நீர்மானி என்றே அழைக்கிறோம். ஒரு பெயர் இருபொருளைச் சுட்டும்போது மயங்குபவர் குற்றவாளி அல்லர்.

அடர்த்தியை அளப்பதை அடர்த்திமானி என்றும், காற்றின் ஈரத்தை அளப்பதைக் காற்றீரமானி என்றும், நெல்லின் ஈரத்தை அளப்பதை மணியீரமானி என்றும் கமத்தொழில் வெளியீடுகளிலும் விற்பனை நிலையங்களிலும் வழங்குதல் நன்று. நூல்களில் ஊன்றிய பெயர்களை மாற்றினால் மாணவர் இடர்ப்படுவர் என்று சிலர் கூறக்கூடும். அது சிந்திக்கத்தக்க வாதமே. பழைய பெயர்கள் நூல்களில் நிற்கட்டும். ஆயினும், கருவியின்மேல் ஒட்டும் சீட்டில் ‘இது அளப்பது இன்னது, இதன் அலகு இன்னது’ என்று தமிழில் ஒரு வரி எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்த ஒரு வரி, ஒரு தோட்டத்தைக் காக்கும்.

ஒவ்வொரு கமக்காரரும் தனித்தனியே கருவி வாங்க வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஒரு மின்கடத்துதிறன்மானியும் ஒரு மணியீரமானியும் பொதுவாக இருந்தாற் போதும். கருவியைக் காட்டிலும் முதன்மையானது, அது காட்டிய எண்ணை ஒழுங்காக எழுதி வைக்கும் ஏடு. அயற்கிணறுகளின் எண்களை ஓரிடத்தில் எழுதிப் பார்த்தாலன்றி, உப்பு எத்திசையிலிருந்து ஏறுகிறது என்பதை எவரும் அறியமாட்டார். கடல் ஒரு வேலிக்குள் மட்டும் புகுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

1. கருவி வாங்கும்போது பெயரை மட்டும் சொல்லாது, எதை அளக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கேட்டல் வேண்டும்.

2. கிணற்று நீரை மழை ஓய்ந்த தை, மாசியில் ஒருமுறையும், வறட்சி மிகுந்த ஆவணி, புரட்டாதியில் ஒருமுறையும் அளத்தல் வேண்டும்.

3. நீர் எடுக்கும் போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசுதல் வேண்டும். இறைக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளந்து இரு எண்களையும் எழுதுதல் வேண்டும். முடிவில் எண் உயர்ந்தால் இறைக்கும் நேரத்தைக் குறைத்தல் வேண்டும்.

4. எண்ணோடு அலகையும் படித்தல் வேண்டும். சென்ரிமீற்றருக்கு 1,000 மைக்குரோசீமென்சும் மீற்றருக்கு ஒரு டெசிசீமென்சும் ஒன்றே. 1.413 டெசிசீமென்சு காட்டவேண்டிய நியமக் கரைசலில் கருவியை இடையிடையே சரிபார்த்தல் வேண்டும்.

5. நெல்லைச் சாக்கில் இடுமுன் மணியீரமானியாலோ உப்புப் போத்தலாலோ சோதித்தல் வேண்டும். காற்றீரமானி களஞ்சியத்துக்கு உரியது. விற்பனைத் தராசுக்கு உரியதன்று.

6. அடர்த்தி பார்க்கும் நீர்மானியை உப்பளத்துக்கும் மின்கலத்துக்கும் விதைத் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளலாம். கிணற்றுநீர் பயிருக்கு உகந்ததா என்பதற்கு அதன் சான்றை ஒருபோதும் ஏற்கலாகாது.

கமக்கார அன்பர்களே! நல்ல கருவியும் தவறான இடத்திற் பொய்ச்சாட்சியே சொல்லும். நட்டபின் கருகும் நாற்றைக் கண்டு நீரின் குணத்தை அறிவதிலும், நடுமுன் உரிய கருவியால் அறிவது செலவு குறைந்தது. இவ்வாவணியில் உங்கள் கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்து, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்துக்கோ விவசாயப் போதனாசிரியரிடமோ கொண்டுசென்று, அதன் எண் என்னவென்று கேளுங்கள். பயிரைத் தீர்மானிப்பது அதற்குப் பின்னர் ஆகட்டும்.